சுடுகாடுன்னு எழுதிக் கொடுங்க, போதும்

நண்பர் ஒருத்தர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பச்சைப் புல்லும் சுண்ணாம்புப் பாறையும் கலந்த வெட்டவெளி. நடுவில் ரெண்டு மூணு கல் நட்டு, மேல பெரிய பலகைக் கல் ஒண்ணு சாய்வா. அயர்லாந்தில் கிளேர் கவுண்டியில் இருக்கும் புல்னப்ரோன் கல்லறை. படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தது: "அவன் அஞ்சாயிரம் வருஷத்துச் சமாதியை எப்படி வெச்சிருக்கான் பாருங்க. நம்ம ஊர்ல இதெல்லாம் இருந்திருந்தா..."

இருந்திருந்தாவா? இருக்குய்யா! திருவொற்றியூர்லேர்ந்து போய்ப் பார்த்துட்டு சாயங்காலம் டிபனுக்கு வீட்டுக்குத் திரும்பிடலாம். விம்கோ நகர்ல மெட்ரோ ஏறினா ஏர்போர்ட். எதிர்த்தாப்ல திரிசூலம் ஸ்டேஷன். அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே ஆரம்பிச்சு குன்றத்தூர், செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர்னு நீங்க எந்தப் பக்கம் போனாலும் குன்று அடிவாரத்தில் பெருங்கற்காலத்து ஆட்கள் படுத்திருக்காங்க. எத்தனை பேர்னு யாரும் முழுசா எண்ணி முடிக்கல.

அயர்லாந்துக்காரங்களைக் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. 1985-ல் புல்னப்ரோனில் ஒரு தூண் கல் விரிசல் விட்டது. மறு வருஷம் ரிப்பேர் பண்ணும்போது உள்ளே தோண்டிப் பார்த்தாங்க. முப்பது பேருக்கு மேல எலும்பு கிடைச்சுது, குழந்தைகளும் சேர்த்து. கி.மு. 3800க்கும் 3200க்கும் நடுவில் செத்தவங்க. இன்னிக்குச் சுத்தி ஒரு கயிறு, ஓரத்தில் கார் நிறுத்த இடம், அவ்வளவுதான். பெரிய மதில் எல்லாம் கிடையாது. அந்த ஊர் விவசாயிகள் பல தலைமுறையா இந்த மாதிரிக் கல்லையும் மண்மேட்டையும் தொடாம விட்டதுக்கு இன்னொரு காரணமும் சொல்லுவாங்க: பயம். அங்கே 'அவங்க' குடியிருக்காங்க, கை வெச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை. அரசாங்கச் சட்டம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தப் பயம் காவல் காத்திருக்கு.

நம்ம ஊர்லயும் அதே கதைதான். கல்திட்டைகளைப் பாண்டவர் வீடுன்னும், குள்ளர் கட்டினதுன்னும் சொல்லி ஆடுமாடு மேய்க்கிறவங்க ஒதுங்கிப் போனாங்க. கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லசந்திரம் குன்று மேல இருக்கிற கல்திட்டைகளைப் படத்தில் பார்த்தீங்கன்னா அயர்லாந்து படத்துக்கும் அதுக்கும் சட்டுனு வித்தியாசம் தெரியாது. (புல்லு மட்டும் பச்சையா இருக்காது, நம்ம வெயிலுக்கு.)

சென்னையைச் சுத்தி இருக்கிறது பெரும்பாலும் கல்வட்டம். ஆள் உயரத்துக்கு எல்லாம் நிக்காது. உருண்டையான பாறைக் கற்களை வட்டமா அரைகுறையாப் புதைச்சு வெச்சிருப்பாங்க. நடுவுல ஜல்லியும் மண்ணுமா ஒரு மேடு, அதுக்குக் கீழே தாழி, இல்லேன்னா கால் வெச்ச சுடுமண் பேழை. தொட்டி மாதிரி நீளமா இருக்கும், அடியில வரிசையா குட்டிக் குட்டிக் கால்கள். பல்லாவரத்தில் அந்த மாதிரிப் பேழையை அலெக்சாண்டர் ரீ 1880களின் கடைசியிலேயே எடுத்துக் காட்டிட்டார். செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில் இருக்கிற சாணூரில் 1950லயும் 1952லயும் மத்திய தொல்லியல் துறை தோண்டினப்ப, அங்கே இருநூறுக்கு மேல இந்தச் சின்னங்கள் இருந்ததாப் பதிவு இருக்கு. ஒரு சிற்றூர்ல இருநூறு! பானைகள், இரும்புச் சாமான்கள், எலும்புத் துண்டுகள். பல இடங்கள்ல உடம்பை அப்படியே புதைக்கலை. எங்கேயோ வெச்சிருந்து, சதை போனப்புறம் எலும்பைப் பொறுக்கி எடுத்து வந்து, கூடவே சோறு தண்ணி வெச்சுப் புதைச்சிருக்காங்க. செத்த அன்னிக்கே முடியற காரியம் இல்லை. ஊரே சேர்ந்து கல் உருட்டணும். யாரோ ஒருத்தரை அவ்வளவு மதிச்சிருக்காங்க.

புறநானூற்றில் ஒரு பெண், தாழி செய்யும் குயவனிடம், எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாச் செய்யுன்னு கேட்கிற பாட்டு ஒண்ணு உண்டு. கணவனோட சேர்ந்து அதுக்குள்ள போகணும்னு. ஸ்கூல்ல இதை அஞ்சு மார்க்குக்குப் படிச்சு விட்டுட்டோம். அந்தக் குயவன் செஞ்சு கொடுத்தானா இல்லையாங்கறதுக்கான விடை இந்த மாதிரி ஏதோ ஒரு மேட்டுக்குக் கீழேதான் கிடக்கும்.

சரி, வடசென்னைக்காரனுக்கு இதுல என்ன அக்கறைன்னு கேப்பீங்க. எனக்கு அக்கறை வந்தது கல்லாலதான்.

எங்க பக்கம் கடற்கரைன்னா மணல் இல்லை, கருங்கல். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிக் கல்லாக் கொட்டி வெச்சிருக்காங்க. 1875-ல் துறைமுக வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து நடக்கிற கூத்து இது. தெக்கேயிருந்து வடக்கே போய்க்கிட்டிருந்த மணலை துறைமுகச் சுவர் மறிச்சுது. அந்தப் பக்கம் மெரினா அகலமாச்சு, இந்தப் பக்கம் எங்க குப்பங்கள் ஒவ்வொரு தெருவாக் கடலுக்குள்ள போச்சு. அதைத் தடுக்க அப்புறம் கல் கொட்டினாங்க. கடலுக்குள்ள நீட்டி நீட்டித் தூண்டில் வளைவுகளும் போட்டாங்க. நான் பார்க்கவே எத்தனையோ லாரி.

சில வருஷம் முன்னாடி எர்ணாவூர் கிட்ட டீக்கடையில் நின்னுட்டிருந்த லாரி டிரைவர் கிட்ட சும்மா கேட்டேன், "எங்கேர்ந்துண்ணே வருது இந்தக் கல்லு?"

"உத்திரமேரூர் தாண்டிங்க. அங்க ஒரு மலையே காலியாவுது" என்றார். டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டார்.

அவர் கொண்டு வந்த கல்லில் கல்லறைக் கல் இருந்ததுன்னு நான் சொல்ல வரலை. அப்படிச் சொன்னா அது புளுகு. ஆனா அந்தப் பக்கத்துக் குன்றுகளோட அடிவாரம்தான் இந்தக் கல்வட்டங்களுக்கு இடம். குவாரிக்குப் பாதை போடணும், கிரஷருக்கு இடம் வேணும், லாரி திரும்ப இடம் வேணும். எல்லாம் அடிவாரத்திலதான். ஜேசிபிக்கு முன்னாடி ஒரு கல்வட்டம் பத்து நிமிஷம் தாங்குமா? குவாரி இல்லாத இடத்தில் பிளாட் போடறாங்க. 'தாம்பரத்துக்கு மிக அருகில்' விளம்பரத்தில் வர்ற அந்த நகர்களில் எத்தனை பேரோட படுக்கையறை எத்தனை பேரோட சமாதி மேல இருக்கோ.

அந்தக் கல்லுக்குப் பின்னாடி பத்திரமா இருக்கிற வீடுகள்ல என் வீடும் ஒண்ணு. அதனால 'குவாரியே கூடாது'ன்னு கொடி பிடிக்க எனக்கு வாய் வராது. ஆனா குன்றின் எந்தப் பக்கத்தை உடைக்கலாம், எதை விட்டு வைக்கணும்னு பார்த்து உடைக்கிறதுக்கு என்ன கேடு?

கல்லுன்னு பேச்சு வந்ததால ஒரு கிளைக்கதை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைக்குப் புவியியல் படிச்சவங்க சார்னோக்கைட்னு பேர் வெச்சிருக்காங்க, உலகம் பூரா அந்தப் பேர்தான். ஏன் தெரியுமா? கல்கத்தாவை நிறுவினதாச் சொல்ற ஜாப் சார்னாக் துரையோட சமாதிக் கல் நம்ம பல்லாவரத்துப் பக்கத்துக் கல். 1893-ல் ஹாலண்டுங்கற புவியியலாளர் அந்தச் சமாதியைப் பார்த்துத்தான் பேர் வெச்சார். அதாவது, கல்கத்தாவில் புதைஞ்ச வெள்ளைக்காரரோட கல்லறையால நம்ம மலைக்கு உலகப் புகழ். அதே மலை அடிவாரத்தில் ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாப் படுத்திருக்கிறவங்களுக்கு ஒரு நீலப் போர்டு. அதுவும் சில இடத்தில்தான்.

நீலப் போர்டைப் பத்திக் கொஞ்சம் பேசணும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் நிறைய பெருங்கற்கால இடங்கள் மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலில் ரொம்பக் காலமா இருக்கு. 2010-ல் சட்டத்தைத் திருத்தி, சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடமே கூடாது, அதுக்கு மேல 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும்னு ஆக்கினாங்க. நல்ல எண்ணம்தான். தாஜ்மஹாலுக்குச் சரி. பல்லாவரத்தில் என்ன ஆச்சு? நாப்பது அம்பது வருஷமா வீடு கட்டி வாழ்ற தெருவுக்கு நடுவில் திடீர்னு கோடு. மாடி எடுக்க முடியாது, பிளான் அப்ரூவல் வராது, பேங்க் லோன் கிடையாது. வருஷக்கணக்கா மனு கொடுத்துட்டிருக்காங்க. அந்தத் தெருவில் நின்னு 'உங்க முன்னோர் சமாதி'ன்னு பேசிப் பாருங்க. செருப்பு வரும். வந்தா நியாயம்தான்.

இன்னொரு பக்கம், போர்டு இருந்தா மட்டும் பத்திரமா? 2013-ல் சிஏஜி நாடு முழுக்க 1,655 சின்னங்களை நேரில் போய்ப் பார்த்துட்டு, அதில் 92-ஐக் காணோம்னு அறிக்கை கொடுத்தது. சின்னத்தைக் காணோம்! கிணத்தைக் காணோம்னு வடிவேலு சொன்னப்போ சிரிச்சோமே, அதே கதை. பிறகு தேடிப் பிடிச்சு எண்ணிக்கையைக் குறைச்சாங்க. 2024 மார்ச்சில் 18-ஐப் பட்டியலிலிருந்தே எடுக்கப் போறதா அறிவிச்சாங்க. பெரிய கோபுரம் இருந்தா தொலையாது. கல்வட்டம் ஒரு வாரக் கடைசியில் தொலையும்.

அடுத்தது நம்ம ஆட்களோட வியாதி: எவ்வளவு பழசு? 2025 ஜனவரி 23-ஆம் தேதி, சிவகளை இரும்பு கி.மு. 3345-ன்னு மாநில அரசு அறிக்கை வெளியிட்டதும் என் மொபைல் ஒரு வாரம் ஓயலை. எல்லாரும் மார்தட்டு. எனக்கும் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். ஆனா அந்தத் தேதி எங்கேயிருந்து வந்துது? சமாதிக்குள்ளேயிருந்து. சிவகளையில் தாழிக்குள்ள கிடந்த நெல்லை வெச்சுத்தான் கி.மு. 1155-ன்னு 2021-ல் சொன்னாங்க. தாமிரபரணி நெல்லுக்கும் இரும்புக்கும் வயசு தெரிஞ்சது, யாரோ செத்தவருக்கு யாரோ அக்கறையா வெச்சு அனுப்பினதால. அந்த வயசைக் கொண்டாடற நாமதான், நாலு ஊர் தள்ளி அதே மாதிரித் தாழி பிளாட்டுக்கு அடியில நொறுங்கினா 'அது எத்தனை வருஷம், தெரியலையே'ன்னு விட்டுடறோம். வயசுல ஜெயிக்கிற பிணத்துக்குத்தான் மரியாதையா?

முன்னேற்றமே இல்லைன்னு புலம்ப மாட்டேன். ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகோர்ங்கற ஜெர்மன்காரர் தோண்டி எடுத்தது பெர்லினுக்குப் போச்சு, பிறகு ரீ தோண்டினது எழும்பூர் மியூசியத்துக்கு வந்துது. 2023-ல் அதே ஆதிச்சநல்லூரில் குழியை மூடாம, மேல கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கிற மாதிரி மியூசியம் பண்ணினாங்க. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைச்ச ரெண்டு ஆண்களோட மண்டையோட்டை வெச்சு இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகம் ஒண்ணில் முகம் செஞ்சு 2025-ல் வெளியிட்டாங்க. அந்த முகத்தைப் பார்த்தப்ப எனக்கு வருஷக் கணக்கு எதுவும் ஞாபகம் வரலை. காசிமேட்டு ஏலக்கூடத்தில் பார்த்த ஆள் மாதிரி இருந்தார். அவ்வளவுதான் தோணிச்சு.

என் கட்சி இதுதான். இவற்றைத் 'தொல்லியல் சின்னம்'னு சொல்றதை விட்டுட்டு, சுடுகாடுன்னு சொல்லுங்க. வாயால சொன்னாப் போதாது, கிராமக் கணக்கில் எழுதுங்க.

இந்த இடங்கள்ல நிறைய, வருவாய்த் துறைப் பதிவில் கல்லாங்குத்துன்னும் தரிசுன்னும் கிடக்கு. தரிசுன்னா என்ன அர்த்தம்? யாருக்கும் உபயோகம் இல்லை, கேட்டா கொடுத்துடலாம். குவாரிக்கும் கொடுக்கலாம், மனைக்கும் கொடுக்கலாம். அதையே மயானப் புறம்போக்குன்னு 'அ' பதிவேட்டில் மாத்தி எழுதினா, அது ஆட்சேபகரமான புறம்போக்கு. பட்டா போட முடியாது. சுத்தி 100 மீட்டர், 200 மீட்டர் கோடும் வராது, பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்கலாம். அவர் விரோதி ஆக மாட்டார். முக்கியமா, சுடுகாட்டில் ஜேசிபியை இறக்க எந்த ஆபரேட்டருக்கும் கொஞ்சம் கை நடுங்கும். அயர்லாந்து விவசாயியோட அதே பயம். மூடநம்பிக்கைதான், இருந்துட்டுப் போகட்டும். நூறு போர்டு பண்ணாததை அது பண்ணும்.

சமாதியைப் பார்த்துக்கறது எப்படின்னு எங்க பக்கத்து ஜனங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். பட்டினத்தார் சமாதி திருவொற்றியூரில் கடலை ஒட்டி இருக்கு. எத்தனை தெருவைக் கடல் கொண்டு போச்சு, அதை விடலை. ஆடி மாசம் குருபூஜைக்குக் கூட்டம் வருது. ஒண்ணுமே வேண்டாம்னு போன மனுஷனுக்கு! காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் நவம்பர் 2-ஆம் தேதி போய்ப் பாருங்க. வெள்ளையடிச்சு, சாமந்திப் பூ போட்டு, மெழுகுவத்தி ஏத்தி, பேர் அழிஞ்சு போன கல்லறைக்கும் யாராவது ஒரு வத்தி வெச்சிட்டுப் போவாங்க. எண்ணூர் தாண்டிப் பழவேற்காட்டில் டச்சுக்காரங்க கல்லறை இருக்கு, வாசல்ல எலும்புக்கூடு சிலை எல்லாம் செதுக்கி வெச்சு. காம்பவுண்டு, கேட்டு எல்லாம் உண்டு. வியாபாரத்துக்கு வந்து செத்தவங்களுக்குச் செஞ்சதைத் தப்புன்னு சொல்லலை. இங்கேயே பொறந்து இங்கேயே செத்தவங்களுக்கும் அதில் பாதி செய்யலாம்.

இதை ஒரு நண்பர் கிட்ட சொன்னப்ப அவர் சுரீர்னு ஒண்ணு கேட்டார். "யாரோட சுடுகாடுன்னு எழுதுவ?"

நியாயமான கேள்வி. இந்த மாநிலத்தில் பல ஊர்ல சுடுகாடு பொதுச் சொத்தா இருந்ததே இல்லை. ஊருக்கு ஒண்ணு, சேரிக்கு ஒண்ணு. 2019-ல் வாணியம்பாடிப் பக்கம், பாதை விடாததால ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினாங்க, நாடே பார்த்தது. நாளைக்கே கல்வட்டத்தைச் சுடுகாடுன்னு எழுதினா, மறுநாள் 'இது எங்க ஆண்ட பரம்பரை'ன்னு நாலு பேர் கொடி நடுவாங்க. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனா தாழிக்குள்ள இருக்கிற எலும்புக்கு இன்னிக்கு இருக்கிற எந்தச் சாதிச் சான்றிதழும் செல்லாது. அதனால பதிவேட்டில் 'பொது மயானம், பழையது, புதுசா அடக்கம் கிடையாது'ன்னு எழுதணும். தமிழ்நாட்டில் எல்லாருக்கும் பொதுவான ஒரே சுடுகாடு அதுவாத்தான் இருக்கும்னா, இருக்கட்டுமே.

சுடுகாடுன்னு ஆயிட்டா ஆராய்ச்சி பண்ண முடியாதேன்னும் கேட்டார். ஏன் முடியாது? கொந்தகையும் சுடுகாடுதான், ஆதிச்சநல்லூரும் சுடுகாடுதான். முறைப்படி அனுமதி வாங்கி, தோண்டி, பார்த்து எழுதட்டும். தோண்டாம விட்டதும் பத்திரமா இருக்கும், நாளைக்கு இதைவிட நல்ல கருவியோட வர்றவங்களுக்கு.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் நிலம் நீச்சு, சொந்தபந்தம் இருக்கிறவங்க ஊருக்குப் போறப்ப ஒரு நடை குன்று அடிவாரம் வரைக்கும் போய்ப் பாருங்க. சில கல்வட்டத்தைப் பத்து அடியில் சுத்தி வந்துடலாம், சிலது அகலமா இருக்கும். பாதி புதைஞ்ச உருண்டைக் கல் வட்டமா இருந்து, நடுவில் மண் கொஞ்சம் மேடிட்டிருந்தா, சுத்திமுத்தி கீழே பாருங்க. உள்ளே கறுப்பு வெளியே சிவப்பா பானை ஓடு கிடந்தா அநேகமா அதுதான். எடுக்காதீங்க, தோண்டாதீங்க. மொபைல்ல படம் எடுத்து, விஏஓ கிட்ட அந்த இடத்துக்கு சர்வே நம்பர் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, எந்தக் கிராம சபை முதல்ல வருதோ அதில் எழுந்து, இந்த சர்வே நம்பரைப் பழைய மயானம்னு பதியணும்னு ஒரு தீர்மானம் கொண்டு வாங்க. நான் எங்க தெருவில் நின்னு இதைக் கேட்க முடியாது. 2011-லேயே திருவொற்றியூரை மாநகராட்சியில் சேர்த்துட்டாங்க, எங்களுக்குக் கிராம சபை கிடையாது.